பழைய லென்ஸின் தராதரம்

பிலிம் சுருளில் படம் பிடிக்கும் காமிராக்களுள் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரமானி உள்ள காமிரா, என்ற இனத்துக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. அதைக் கையில் எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்ப்பவர், படத்தை உண்டாக்கப்போகும் லென்ஸின் வழியாகப் பார்ப்பதே இல்லை. லென்ஸ் ஒரு பக்கம் தன் காரியத்தைச் செய்ய, கண் வேறொரு சாளரத்தின் வழியே உலகத்தைப் பார்க்கிறது; இரண்டையும் இணைப்பது, லென்ஸின் பின்புறத்தில் உள்ள ஓர் உலோக விளிம்பும் அதைத் தொட்டுக்கொண்டு நகரும் ஒரு சிறு சக்கரமுமே. ஆகையால் இந்தக் காமிராவுக்குப் பழைய லென்ஸ் வாங்கப் புறப்படுகிறவர், அதிலும் பணத்தை எண்ணிச் செலவழிக்க வேண்டிய நிலையில் இருப்பவர், முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு பெரிய துவாரம், எந்தக் கம்பெனி என்பதல்ல. இந்த லென்ஸின் நகர்ச்சியைக் காமிரா பிழையின்றி அறிந்துகொள்கிறதா என்பது முதல் கேள்வி. கண்ணாடி தெளிவாக இருக்கிறதா என்பது இரண்டாவது. துவாரமும் பெயரும் அவற்றுக்குப் பிறகே வரும். சந்தையில் விலை ஏறுவதோ இதற்கு நேர் எதிரான வரிசையில். அந்த முரண்பாட்டிலேதான் சிக்கனமாக வாங்க விரும்புகிறவருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்தனை விதமான லென்ஸ்கள் ஒரே காமிராவில் பொருந்துவதற்குக் காரணம் ஒரு மரை. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஆஸ்கார் பர்னாக் என்னும் இயந்திர நிபுணர், சினிமாப் பிலிமில் 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் உள்ள சிறு படங்களை எடுத்துப் பிற்பாடு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் சமைத்த லைக்கா காமிரா, 1925-இல் லைப்ஸிக் சந்தையில் வெளியாயிற்று. அதற்கு வேண்டிய லென்ஸை வகுத்தவர் அதே தொழிற்சாலையின் கணித வல்லுநரான மாக்ஸ் பெரெக். அந்த முதல் லைக்காவில் தூரத்தை மனத்தால் மதிப்பிட்டே லென்ஸைத் திருப்ப வேண்டியிருந்தது. 1932-இல் வந்த லைக்கா இரண்டாம் மாதிரியில்தான் தூரமானியும் லென்ஸும் இணைக்கப்பட்டன. லென்ஸைத் திருகி மாட்டுவதற்கு 39 மி.மீ. விட்டமும் அங்குலத்துக்கு 26 மரைகளும், மாட்டும் முகத்திலிருந்து பிலிம் வரை 28.8 மி.மீ. தூரமும் என்று லைட்ஸ் நிர்ணயித்த அளவையே, கார்க்கோவில் மக்காரென்கோ என்னும் கல்வியாளர் நடத்திவந்த அநாதை இளைஞர் குடியிருப்பில் 1934-இல் செய்யத் தொடங்கிய ஃபெட் காமிராவும், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் பிறந்த ஸோர்க்கியும், ஜப்பானில் கேனன் முதலான பல கம்பெனிகளும் பின்பற்றின. 1954-இல் லைக்கா எம்-3 வந்தபோது மரை போய்ச் சுழற்றிப் பூட்டும் பிடி வந்தது. ஆனால் அதன் தூரத்தை 27.8 மி.மீ. ஆக வைத்ததனால், சரியாக ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வளையம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் பழைய மரை லென்ஸ்கள் யாவும் புதிய காமிராவிலும் பொருந்திவிடும். ஒரு தொழிற்சாலை முன்யோசனையுடன் விட்டுவைத்த அந்த ஒரு மில்லிமீட்டரின் பயனை இன்றுவரை நாம் அனுபவிக்கிறோம்.

தூரமானி வேலை செய்யும் விதம், நிலத்தை அளக்கும் சர்வேயர்களின் முக்கோண முறையேயாகும். காமிராவின் முகத்தில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சாளரங்கள் உள்ளன. ஒரே பொருளை அவை சற்று வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. பொருள் நெருங்க நெருங்க அந்த வேறுபாடு வளர்கிறது. ஒரு சாளரத்தின் பிம்பத்தை உள்ளே இருக்கும் முப்பட்டகமோ கண்ணாடியோ சிறிது திருப்பி மற்றதன்மேல் ஒட்டவைக்கிறது. இரண்டு பிம்பங்களும் ஒன்றாகும் கணத்தில் லென்ஸும் அந்தத் தூரத்துக்குரிய இடத்தில் வந்து நிற்க வேண்டும். சாளரங்களின் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அளவு சூக்ஷ்மமாகும். எம்-3 காமிராவில் அந்த இடைவெளி 69 மி.மீ.க்குச் சற்று அதிகம். பார்வைச் சாளரம் பொருளை 0.91 மடங்காகக் காட்டுவதால் பயனுக்கு வருவது சுமார் 63 மி.மீ.

இனி நகர்ச்சியின் கணக்கைப் பார்ப்போம். இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுவே. 50 மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 50 ஆக இருப்பது அபூர்வம். லைட்ஸ் நிறுவனம் தன் தூரமானியை 51.6 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸுக்கு இசைவாக அமைத்தது. அத்தகைய லென்ஸ், அளவிறந்த தூரத்திலிருந்து ஒரு மீட்டர் வரை வருவதற்குள் முன்னோக்கி நகரும் தூரம் சுமார் 2.8 மி.மீ. மட்டுமே, வானத்து நட்சத்திரத்துக்கும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கும் இடைப்பட்ட உலகம் முழுவதும் அந்த 2.8 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ரஷ்ய லென்ஸ்களுள் புகழ்பெற்ற ஜூபிட்டர்-8, ஜூபிட்டர்-3 ஆகியவற்றின் குவியத்தூரமோ 52.4 மி.மீ.க்கு ஒட்டியது. அதைத் தன் சொந்த அளவுப்படி ஒரு மீட்டருக்குக் கொண்டுவர 2.9 மி.மீ. நகர்த்த வேண்டும். லைக்காவின் தூரமானி 2.8 நகர்ந்தவுடனேயே பிம்பங்களை ஒன்றாக்கி, ‘போதும்’ என்று சொல்லிவிடுகிறது; லென்ஸ் அப்போது ஒரு மீட்டருக்கு அப்பால் சுமார் மூன்று சென்டிமீட்டர் தள்ளித் தெளிவைக் கொண்டு நிற்கிறது. கண்ணில் வைத்த குறி தப்பிக் காதோரம் தெளிவாகிறது. தூரத்துக் கோபுரத்தையும் தெருக்காட்சியையும் எடுக்கும்போது குறையே தெரியாத லென்ஸ், அருகில் முகத்தை எடுக்கும்போது மட்டும் மங்கலாக்குவது ஏன் என்று பலர் கலங்குவதற்கு இதுவே காரணம். ரஷ்யக் காமிராவில் மாட்டும்போது அதே லென்ஸ் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்யும்.

அந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை எவ்வளவு கேட்டை விளைவிக்கும் என்பது துவாரத்தைப் பொறுத்தது. லென்ஸிலிருந்து பிலிமுக்கு வரும் ஒளி ஒரு கூம்பாக வந்து முனையில் குவிகிறது. முனை பிலிமின்மேல் விழாமல் சற்று முன்னோ பின்னோ விழுந்தால், புள்ளிக்குப் பதிலாக ஒரு சிறு வட்டம் உண்டாகிறது. எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துவாரம் பெரிது; எஃப் 1.5 துவாரத்தில் 0.1 மி.மீ. பிழை 0.067 மி.மீ. அகலமுள்ள வட்டத்தைத் தருகிறது. இந்தச் சிறு பிலிமில் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளத்தக்கதாகக் கருதப்படும் 0.03 மி.மீ.க்கு இது இரு மடங்குக்கும் மேல். எஃப் 3.5-இல் அதே பிழை தரும் வட்டம் 0.029 மி.மீ. மட்டுமே, கண்ணுக்குப் புலனாகாது. எஃப் 8-இல் அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. ஆகவே சிறு துவாரமுள்ள எளிய லென்ஸ், தன் பிழையைத் தானே மன்னித்துக்கொள்ளும் சக்தி படைத்தது. பெரிய துவாரமுள்ள லென்ஸை வாங்குகிறவரோ, விலையோடு சேர்த்து அதைக் காமிராவுக்கு இசைவாகச் சரிசெய்யும் வல்லுநரின் கூலியையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் லென்ஸ் எஃப் 2.8 அல்லது 3.5 துவாரமுள்ளதாகவே இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சிறு துவாரம் என்றால் இழிந்த லென்ஸ் என்று எண்ணுவது தவறு. ஒளியியலின் வரலாற்றில் மிகுந்த சிக்கனத்தோடு மிகுந்த பலனைப் பெற்ற வகைகள் அந்தக் கூட்டத்திலேதான் உள்ளன. தனியொரு குவிலென்ஸ் தரும் பிம்பம் தட்டையாக இராமல் கிண்ணம்போல வளைந்திருக்கும், பிலிமோ தட்டையானது, நடுவில் தெளிவு வந்தால் ஓரத்தில் வராது. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் தூரதர்சினிகள் செய்துவந்த ஹெரால்ட் டென்னிஸ் டெய்லர், இரண்டு குவிலென்ஸ்களுக்கு நடுவே ஒரு குழிலென்ஸை இடைவெளி விட்டு நிறுத்தினால், குவிக்கும் சக்தி மிஞ்சியிருக்கவே வளைவு மட்டும் நீங்கிவிடும் என்று கண்டு, 1893-இல் மூன்றே கண்ணாடிகளால் ஆன லென்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். 1902-இல் யேனா நகரத்து ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப், பின்புறத்தில் ஒரு கண்ணாடிக்குப் பதிலாக இரண்டை ஒட்டி வைத்து, மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள் கொண்ட டெஸ்ஸாரை உண்டாக்கினார். பெரெக் வகுத்த எல்மாரும், ரஷ்ய இண்டஸ்டார்-22, இண்டஸ்டார்-50, இண்டஸ்டார்-61 ஆகியவையும் அந்த அமைப்பைச் சேர்ந்தவையே. நன்றாக உள்ள ஓர் எல்மார் எஃப் 8-இல் தரும் படத்தையும் அதைப்போல் பல மடங்கு விலையுள்ள லென்ஸின் படத்தையும் சாதாரண அளவில் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்தால், எது எதுவென்று கூறுவது அனுபவசாலிக்கும் எளிதன்று.

பெரிய துவாரம் வேண்டுவோர்க்கு இரண்டு பரம்பரைகள் உண்டு. இவற்றின் தாரதம்மியத்தை அறிய, கண்ணாடியின் பரப்பில் ஒளி பிரதிபலிக்கும் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூச்சில்லாத கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மூன்று தொகுதிகள் உள்ள லென்ஸில் ஆறு பரப்புகள். அவற்றைக் கடந்து பிலிமை அடைவது ஏறத்தாழ 78 சதவிகிதம். நான்கு தொகுதிகள் உள்ள லென்ஸில் எட்டுப் பரப்புகள். அடைவது 72 சதவிகிதம். இந்த நஷ்டம் பெரிதன்று. திரும்பிய ஒளி மறுபடியும் வேறொரு பரப்பில் பட்டு முன்னோக்கி வந்து படத்தின்மேல் வெண்மூட்டம்போல் படர்வதே உண்மையான தொல்லை. இப்படி இரு முறை திரும்புவதற்கு ஆறு பரப்புகளில் 15 ஜோடிகள் வாய்க்கின்றன; எட்டுப் பரப்புகளில் 28. இரண்டே பரப்புகள் கூடியதும் தொல்லை ஏறக்குறைய இரட்டிக்கிறது. ருடால்ஃப் 1896-இலேயே கண்டுபிடித்த பிளானார் என்னும் சிறந்த அமைப்பு நெடுங்காலம் பின்தங்கியிருந்ததற்கும், 1932-இல் வெளிவந்த கான்டாக்ஸ் காமிராவுக்காக லுட்விக் பெர்ட்டெலே வகுத்த ஸோனார் லென்ஸ், ஆறேழு கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டிவைத்து எஃப் 2, எஃப் 1.5 என்ற துவாரங்களில் மற்றவற்றை விஞ்சியதற்கும் இதுவே காரணம். அதே காலத்தில் லைட்ஸ் வெளியிட்ட எஃப் 2 சம்மார் எட்டுப் பரப்புகள் உடையது; வெளிச்சம் எதிரே நின்றால் அதன் படங்கள் வெளிறிப்போகும் என்று சொல்லப்படுவதில் நியாயம் இருக்கிறது.

நிலைமையை மாற்றியது மேற்பூச்சு. பழுப்பேறிய பழைய லென்ஸ் புதியதைவிட அதிக ஒளியை உள்ளே விடுகிறது என்பதை டெய்லரே முன்பு கவனித்திருந்தார். 1935-இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் ஒரு மெல்லிய படலத்தைக் கண்ணாடியின்மேல் படியவைக்கும் முறையை வகுத்தார். படலத்தின் கனம் ஒளி அலையின் நீளத்தில் கால் பங்காக, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்காக இருந்தால், அதன் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று எதிர்த்து அடங்கிவிடுகின்றன. மெக்னீஷியம் ஃபுளூரைடு பூசிய கண்ணாடியில் பிரதிபலிப்பு 4-இலிருந்து 1.3 சதவிகிதத்துக்கு இறங்கிவிடும். இரு முறை திரும்பும் ஒளியோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். யுத்தத்துக்குப் பின் வந்த லென்ஸ்களின் முகத்தில் நீலச் சாயலோ ஊதாச் சாயலோ தெரிவது இதனாலேயே. விலை குறைந்த லென்ஸைத் தேடுகிறவர் 1950-களைச் சார்ந்ததைத் தேடட்டும் என்று சொல்வேன். பூச்சும் உண்டு, பித்தளை உடலும் உண்டு. பூச்சில்லாத லென்ஸை முற்றிலும் ஒதுக்கவும் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் பிலிமில், உச்சிவெயிலின் கடுமையான நிழல்களுக்குள் அந்த இலேசான மூட்டம் சிறிது ஒளியைச் சேர்ப்பதால், நிழலில் உள்ள விவரம் அடியோடு கறுத்துப்போகாமல் தப்புவதும் உண்டு. முன்னால் ஒரு மறைப்புக் குழலை மாட்டிக்கொள்வது மட்டும் கட்டாயம்.

இனி, பெயர் பெயராக என் மதிப்பீட்டைக் கூறுவேன். இண்டஸ்டார்-61 அதிகமாக மதிக்கப்படாத ஒரு நல்ல லென்ஸ், லாந்தனம் சேர்த்த கண்ணாடியால் ஆனது, எஃப் 2.8, வெளித்தோற்றத்தில் அழகில்லை, பிம்பத்தில் குறையில்லை. ஜூபிட்டர்-8 ஸோனாரின் நேர் வாரிசு. யுத்த நஷ்டஈடாக ஜெர்மனியிலிருந்து ரஷ்யா கொண்டுசென்ற யந்திரங்களும் கண்ணாடியும் வரைபடங்களும் அதற்கு மூலம். இலேசான எடை, மிருதுவான பின்னணி, 40.5 மி.மீ. என்ற எளிதில் கிடைக்கும் ஃபில்டர் அளவு என்று அநேக நன்மைகள் அதற்கு உண்டு. ஆனால் ஒன்றுக்கொன்று தரம் மாறும். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் செய்த ஆண்டைக் குறிக்கும். 1950-களில் செய்தவற்றைத் தேர்ந்தெடுப்பது உசிதம். ஸோனார் வகைக்கே உரிய ஒரு குணத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அதன் விளிம்பின் வழியே வரும் கிரணங்கள், நடுவின் வழியே வருபவற்றைவிட முன்னதாகவே குவிந்துவிடுகின்றன. துவாரத்தைக் குறைத்து விளிம்பை மறைத்ததும் தெளிவான தளம் காமிராவைவிட்டுச் சிறிது விலகிப்போகிறது. லென்ஸின் வழியாகப் பார்க்கும் காமிராவில் கண் இதைக் கண்டுபிடித்துவிடும். தூரமானிக்கோ இது தெரியவே தெரியாது.

கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் பிளானார் பரம்பரையில் வந்தது. லைட்ஸின் அளவுக்கு இணங்கச் செய்தது. பெரிய துவாரமும் மிதமான விலையும் ஒருங்கே வேண்டுவோர்க்கு அதற்கு நிகர் குறைவு. துவாரத்தின் இதழ்களுக்குப் பின்னுள்ள பரப்பில் மூட்டம் படிவது மட்டும் அதன் பிறவி நோய். உள்ளே இட்ட எண்ணெயின் ஆவி படிந்து உண்டாகும் அந்த மூட்டத்தைக் காலத்தில் துடைத்தால் போய்விடும், விட்டுவிட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். ஜப்பானியக் கண்ணாடி தாழ்ந்தது என்ற எண்ணம் மாறியதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1950-இல் ‘லைஃப்’ பத்திரிகையின் புகைப்படக்காரரான டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தபோது, ஜூன் மிக்கி என்ற ஜப்பானிய நண்பர் நிக்கோர் 85 மி.மீ. லென்ஸால் அவரைப் படம் பிடித்துக் காட்டினார். அந்தப் படத்தின் தெளிவைக் கண்டு வியந்த டங்கன், நிப்பான் கொகாக்கு தொழிற்சாலைக்கே சென்று லென்ஸ்களைச் சோதித்துப் பார்த்து, தம் லைக்காக்களில் நிக்கோர்களை மாட்டிக்கொண்டு கொரிய யுத்தத்துக்குப் போனார்.

மற்றக் குவியத்தூரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். லைட்ஸின் எல்மார் 90 மி.மீ. எஃப் 4, அந்த நிறுவனத்தின் தரத்தை மிகக் குறைந்த விலையில் தருவது. முகங்களை எடுப்போர் வேறெதையும் தேட வேண்டியதில்லை. 135 மி.மீ. லென்ஸ்கள், ஹெக்டர் ஆனாலும் ஜூபிட்டர்-11 ஆனாலும், மலிவாகக் கிடைப்பது அவற்றின் குற்றத்தால் அல்ல. அவ்வளவு நீண்ட லென்ஸுக்கு வேண்டிய சூக்ஷ்மத்தைத் தூரமானி தருவது கடினம், பார்வைச் சாளரத்தில் படத்தின் சட்டமும் மிகச் சிறிதாகத் தெரியும் என்பதால். 35 மில்லிமீட்டரில் கேனன் எஃப் 2.8-ஐயும் லைட்ஸின் சம்மரான் 3.5-ஐயும் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வேன். ஜூபிட்டர்-12 ஸைஸின் பயோகான் லென்ஸின் வம்சத்தது, பிம்பம் மிக நன்று. ஆனால் அதன் பின்கண்ணாடி காமிராவின் வயிற்றுக்குள் ஆழமாக நுழைவதால், உள்ளே ஒளிமானி உள்ள காமிராக்களில் மோதி நாசமாகலாம். அகன்ற லென்ஸுக்குத் தனிப் பார்வைச் சாளரம் வேண்டியிருந்தால், அதன் விலை சில சமயம் லென்ஸின் விலையையே தொட்டுவிடும் என்பதையும் மறக்கலாகாது. ஆனால் 50 மில்லிமீட்டரோடு நிற்பதில் குறைவொன்றும் இல்லை. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் பிடித்த ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், தம் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதியை லைக்காவையும் 50 மி.மீ. லென்ஸையும் கொண்டே முடித்தார்.

வாங்குமுன் அறிய வேண்டிய கண்ணிகள் சில. 39 மி.மீ. மரை இருந்துவிட்டால் மட்டும் லென்ஸ் பொருந்திவிடாது. ரஷ்ய ஜெனிட் காமிராக்களின் ஆரம்பகால லென்ஸ்களுக்கும் அதே மரைதான். ஆனால் அவை பிலிமிலிருந்து 45.2 மி.மீ. தூரத்தில் நிற்க வேண்டியவை. லைக்காவில் திருகினால் திருகிக்கொள்ளும், எந்தத் தூரத்திலும் தெளிவு வராது. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் லென்ஸ்களும் பல அதே மரை உடையவை. கான்டாக்ஸுக்கும் அதன் வழிவந்த கியெவ் காமிராவுக்கும் செய்த ஜூபிட்டர்களோ, பெயர் ஒன்றானாலும் பிடி வேறானவை. ரஷ்ய லென்ஸின் பெயரைச் சுரண்டி ‘எல்மார்’ என்று பொறித்து விற்பவர்களும் உண்டு. முன்னாலிருந்து உள்ளே பார்த்தால் உண்மை வெளிப்படும். உண்மையான 50 மி.மீ. எஃப் 3.5 எல்மாரில் துவாரத்தின் இதழ்கள் முதல் கண்ணாடிக்கு அடுத்தே இருக்கும். ரஷ்யப் பிரதியில் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்.

லென்ஸைக் கையில் வாங்கியதும் துவாரத்தை முழுவதும் திறந்து, இருண்ட மூலையில் நின்று, பின்புறத்திலிருந்து ஒரு சிறு டார்ச் விளக்கைச் சாய்வாகப் பாய்ச்சி, முன்புறத்திலிருந்து பார்க்க வேண்டும். அப்போது தூசிகள் நட்சத்திரங்கள்போல் மின்னும்; அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம், படத்தில் ஒன்றும் செய்யா. ஓரத்திலிருந்து கிளைவிட்டுப் படரும் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். கண்ணாடியை அது அரித்திருக்குமானால் துடைத்தாலும் தடம் மிஞ்சும். பரப்பு முழுவதும் பால்போல வெளுத்திருந்தால் அது மூட்டம். விளிம்பில் வானவில் நிறத்தில் பிறைபோல் ஒளிர்ந்தால், ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்துவருகின்றன என்று பொருள். முன்கண்ணாடியில் ஒரே ஒரு ஆழமான கீறல் பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் விளைவில் அற்பமானது. அது மறைக்கும் பரப்பு மிகச் சிறிது. சட்டைத் துணியால் பல்லாண்டு துடைத்ததால் விழுந்த நூற்றுக்கணக்கான நுண்கீறல்களோ ஒளியைச் சிதறடித்துப் படம் முழுவதையும் வெளிறச் செய்யும். முன்கண்ணாடி மென்மையான சம்மாரில் இது சர்வ சாதாரணம். இதழ்களில் எண்ணெய் படிந்திருப்பது, ஷட்டர் விழும் கணத்தில் துவாரம் தானே சுருங்க வேண்டிய வேறு வகைக் காமிராக்களில் பெருங்குறை. கையால் திருப்பும் இந்த லென்ஸ்களில் வேலையைத் தடுக்காது. ஆனால் அதே எண்ணெய்தான் நாளடைவில் ஆவியாகிக் கண்ணாடியில் மூட்டமாகப் படிவது. கிரீஸ் காய்ந்து திருப்புவதற்கே கடினமாக இருக்கும் லென்ஸைக் கண்டால் பலர் விலகிவிடுகிறார்கள். கண்ணாடி சுத்தமாக இருந்தால் நான் அதையே விரும்புவேன். கிரீஸை மாற்றிவிடலாம், கண்ணாடியை மாற்ற முடியாது. திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். அனுபவமில்லாத கை அதைப் பிரித்து, உள்ளேயிருந்த மெல்லிய தகட்டு வளையத்தை மறந்தோ மரையை மாற்றிப் பூட்டியோ வைத்திருக்கக்கூடும்.

கடைசிச் சோதனை தூரமானிக்கும் லென்ஸுக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றியது. இதற்குப் பிலிம் செலவில்லை. பின்மூடி திறக்கும் காமிராவானால் பிலிம் ஓடும் தண்டவாளங்களின்மேல் மங்கலாகத் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றைத் தேய்த்த பக்கம் உள்ளே இருக்கும்படி அழுத்திவைத்து, ஷட்டரைத் திறந்தே நிறுத்தி, காமிராவை முக்காலியில் பூட்ட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ நோக்கி லென்ஸை அதன் கோடிக்குத் திருப்பினால், தூரமானியில் இரண்டு பிம்பங்களும் ஒன்றாக வேண்டும். தேய்த்த கண்ணாடியிலும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் அதன் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். பிறகு ஒரு மீட்டர் தூரத்தில் செய்தித்தாளைச் சாய்வாக ஒட்டி, நடுவில் ஒரு வரியைக் கோடிட்டு, துவாரத்தை முழுவதும் திறந்து, தூரமானியால் அந்த வரிக்குக் குறிவைக்க வேண்டும். தேய்த்த கண்ணாடியில் அந்த வரியே கூர்மையாகத் தெரிந்தால் பொருத்தம் சரி. மேலேயோ கீழேயோ உள்ள வரி கூர்மையானால் பிழை எந்தத் திசையில், எவ்வளவு என்பது அங்கேயே தெரிந்துவிடும். தூரத்தில் சரியாக இருந்து அருகில் மட்டும் பிழைத்தால் குவியத்தூரத்தின் வேற்றுமை காரணம். இரண்டிலும் பிழைத்தால் தகட்டு வளையத்தின் கனமோ காமிராவின் தூரமானியோ காரணம். கோடியில் இருந்தே பிசகும் தூரமானியைச் சரிசெய்வது காமிரா மெக்கானிக்குச் சிறு வேலையே.

வாங்கிய லென்ஸைக் காப்பாற்றுவதில் கடற்கரை ஊர்களில் வசிப்போர்க்குத் தனிப் பொறுப்பு உண்டு. காற்றின் ஈரம் 60 சதவிகிதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சணம் முளைக்க இடமுண்டு. சென்னையிலும் நாகையிலும் ஐப்பசி, கார்த்திகையில் அதைத் தாண்டாத நாள் அரிது. லென்ஸோடு வந்த தோலுறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் வைத்துப் பூட்டக் கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லையும் ஒரு சிறு ஈரமானியையும் இட்டு, 40-க்கும் 50-க்கும் இடையே ஈரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 30-க்குக் கீழே போனால் கிரீஸும் ஒட்டுப்பசையும் வறண்டுவிடும். ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் இலேசாகச் சூடேற்றி மறுபடி உபயோகிக்கலாம். மழைக்காலத்திலும் வாரம் ஒரு முறையாவது லென்ஸை வெளியே எடுத்து, துவாரத்தையும் தூர வளையத்தையும் கோடிக்குக் கோடி திருப்பிவிட்டு, வெளிச்சத்தில் படம் எடுப்பது நல்லது. இருட்டில் அசையாமல் கிடக்கும் லென்ஸில்தான் பூஞ்சணம் விரைவில் குடியேறுகிறது.